வேகம் தொலைந்த இடம்

2019ஆம் ஆண்டின் மோட்டோஜிபி உலகச் சாம்பியன்ஷிப் முடிவுக்கு வந்தபோது, சிறந்த வீரர், சிறந்த அணி, சிறந்த தயாரிப்பு நிறுவனம் ஆகிய மூன்று பட்டங்களும் ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்தப் பருவத்தின் 19 பந்தயங்களில் 12ஐ வென்ற மார்க் மார்க்கெஸ் 420 புள்ளிகளுடன் பட்டம் சூடினார். அடுத்த ஆண்டிலேயே ஹோண்டா ஒரு வெற்றியும் இல்லாமல் பருவத்தை முடித்தது. 1981க்குப் பிறகு முதன்மைப் பிரிவில் அந்நிறுவனத்துக்கு அப்படி நேர்ந்ததில்லை. 2023இல் ஐந்து தயாரிப்பாளர்கள் கொண்ட பட்டியலில் அது கடைசி இடத்துக்கு இறங்கியது. 2024இல் மறுபடியும் கடைசி இடமே கிடைத்ததோடு, முதலிடம் பெற்ற இத்தாலியின் டுகாட்டி 722 புள்ளிகள் எடுத்திருக்க ஹோண்டா 75 புள்ளிகளில் நின்றது.

உலகிலேயே அதிக எண்ணிக்கையில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனம் இது. பணத்துக்கும் ஆய்வகங்களுக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே குறைவில்லை; போட்டியாளர் வைத்திருக்கும் எந்த உதிரிப்பாகத்தையும் வடித்தெடுக்கும் திறன் அதற்கு உண்டு. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் வேகமான பைக் ஒன்றைக் கட்ட முடியாமல் போனதற்குக் காரணம், செய்யும் திறன் வற்றிப்போனது என்பதைவிட, எதைச் செய்ய வேண்டும் என்று அறியும் திறன் மங்கிப்போனது என்பதே. பந்தய பைக்கில் கோளாறு தெரியும் இடமும் கோளாறு பிறக்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன. அவற்றை இணைக்கும் வழியில் டயர், சட்டகம், இன்ஜின், காற்று, மனித உடல் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த வழியைத் தேடிப் பிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

டயரிலிருந்து தொடங்கும் கணக்கு

மோட்டோஜிபி பைக் ஒன்றின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. வீரரையும் அதிகபட்சமாக அனுமதிக்கப்படும் 22 லிட்டர் எரிபொருளையும் சேர்த்தால் 240 கிலோவை எட்டிவிடும் இந்தப் பாரம் முழுவதும், ஒரு மனிதனின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இல்லாத இரண்டு தொடுபரப்புகள் வழியாகவே சாலையில் இறங்குகிறது. இன்ஜின் எவ்வளவு ஆற்றலைத் தந்தாலும், பிரேக் எவ்வளவு வலிமையாகப் பிடித்தாலும், அந்த இரண்டு சிறு பரப்புகளில் ரப்பர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறதோ அவ்வளவு மட்டுமே வேகமாக மாறும். எனவே பந்தய பைக்கின் வடிவமைப்பு என்பது டயருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு சுமையை எவ்வளவு மென்மையாக ஏற்றுவது என்ற கேள்விக்கு எழுதப்படும் விடையாகவே அமைகிறது.

ரப்பரின் பிடிமானம் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் உராய்வைப் போல எளிய விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி, நசுங்கி, மீண்டும் விரியும்போது ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகச் சிதைகிறது; அந்தச் சிதைவும், ரப்பர் மூலக்கூறுகள் தரையோடு கணநேரம் ஒட்டிப் பிரிவதும் சேர்ந்தே பிடிமானத்தை உண்டாக்குகின்றன. இது வெப்பநிலைக்கு ஏற்ப மாறும்: டயர் குளிர்ந்திருந்தால் ரப்பர் விறைத்துப் போகிறது, அளவுக்கு மீறிச் சூடானால் குழைந்து வழுக்குகிறது. சுமைக்கு ஏற்பவும் மாறும்: சுமை இரு மடங்கானால் பிடிமானமும் கூடும், ஆனால் இரு மடங்கை எட்டாது. ஆகவே ஒரு டயருக்கு உகந்த சுமையும் வெப்பமும் குறுகிய எல்லைக்குள்தான் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் டயரை வைத்திருக்கும் பைக் வேகமானது, சற்றே வெளியே தள்ளிவிடும் பைக் மற்றெல்லா வகையிலும் சிறப்பாக இருந்தாலும் பின்தங்கிவிடும்.

பிரேக் பிடிக்கும் தருணத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்சக்கரத்துக்குத் தாவுகிறது; ஓர் எல்லையில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அந்த எல்லையைத் தீர்மானிப்பது பிரேக்கின் வலிமை அன்று, வடிவியல். பைக்கும் வீரரும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னாலும் இருப்பதாகக் கொண்டால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காதபோது அடையக்கூடிய உச்ச வேகக்குறைப்பு 70ஐ 65ஆல் வகுத்துக் கிடைப்பது, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 1.08 மடங்கு. மணிக்கு 350 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைக்க இந்த விகிதத்தில் ஏறத்தாழ 410 மீட்டர் தூரம் தேவைப்படும். ஈர்ப்பு மையத்தை வெறும் 2 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் உச்ச வேகக்குறைப்பு 3 சதவீதம் கூடி, தேவைப்படும் தூரம் 11 மீட்டருக்கு மேல் குறைகிறது. ஒவ்வொரு வளைவிலும் 11 மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடிக்க முடிந்தால் எதிராளியை முந்திவிடலாம்.

ஆனால் அதே 2 சென்டிமீட்டர் வேறோர் இடத்தில் விலை கேட்கிறது. பாரம் பின்னே போனதால், பிரேக்கை விட்டு வளைவுக்குள் சாய்க்கும் நேரத்தில் முன்டயர் மேல் இறங்கும் சுமை குறைகிறது. சுமை குறைந்த டயர் உகந்த வெப்பத்தை எட்டுவதில்லை. வெப்பம் எட்டாத டயர் தன் நிலையை ஹேண்டில்பார் வழியாக வீரருக்கு உணர்த்துவதில்லை. வீரர்கள் இதைத்தான் ‘முன்பக்க உணர்வு போய்விட்டது’ என்று சொல்கிறார்கள். டயர் எந்தக் கணத்தில் வழுக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே கைகளில் உணர முடியாத வீரர், வழுக்கும் எல்லைக்குச் சற்று முன்னதாகவே நின்றுகொள்கிறார், நிற்காவிட்டால் விழுகிறார். ஓரிடத்தில் கிடைத்த ஆதாயம் இன்னோர் இடத்தில் இழப்பாகிறது என்பதும், அந்த இழப்பு முதல் ஆதாயத்தோடு தொடர்பில்லாததுபோலத் தோன்றுகிறது என்பதும் பந்தயப் பொறியியலின் நிலையான தலைவலி.

வளையத் தெரிந்த சட்டகம்

இன்ஜினையும் சக்கரங்களையும் இணைக்கும் எலும்புக்கூடான சட்டகம் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பொதுவாக எண்ணத் தோன்றும். நேராகச் செல்லும் பைக்குக்கு அது ஓரளவு சரி. வளைவில் சாய்ந்திருக்கும் பைக்குக்குச் சரியில்லை. இன்றைய வீரர்கள் 60 பாகைக்கு மேல் சாய்கிறார்கள். அந்த நிலையில் சாலையின் மேடு ஒன்று சக்கரத்தை மேல்நோக்கி உதைக்கும்போது, அந்த உதையில் பாதியளவே சஸ்பென்ஷன் இயங்கும் திசையில் விழுகிறது. எஞ்சிய பெரும்பகுதி பைக்கின் பக்கவாட்டுத் திசையில் விழுகிறது. பக்கவாட்டில் இயங்கும் ஸ்பிரிங் எதுவும் பைக்கில் கிடையாது. ஆகவே சட்டகமும், முன் ஃபோர்க்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மும் தாமே சற்று வளைந்து கொடுத்து ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யவேண்டியிருக்கிறது.

எவ்வளவு வளைய வேண்டும் என்பதுதான் சிக்கல். குறைவாக வளைந்தால் டயர் சாலையில் தத்தித் தாவுகிறது, வீரருக்கு உணர்வு கிடைப்பதில்லை. அதிகமாக வளைந்தால் திசைமாற்றும்போது பைக் தாமதமாகத் தொடர்கிறது, நேர்ப்பாதையில் ஆட்டம் காண்கிறது. இவற்றோடு, டயரின் மீள்தன்மையும் சட்டகத்தின் மீள்தன்மையும் ஒத்திசைந்துவிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 20 முறை அதிரும் ‘சாட்டர்’ என்ற நடுக்கம் தொற்றிக்கொண்டு பிடிமானத்தைப் பறிக்கிறது. 2012இல் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் புதிய கட்டமைப்பில் டயர்களைக் கொண்டுவந்தபோது, முந்தைய ஆண்டின் சாம்பியனான ஹோண்டா பைக்குகளையே இந்த நடுக்கம் வாட்டியது. முந்தைய டயரோடு பொருந்திப்போன இயந்திரம், டயர் மாறியதும் அதனோடு கூடி அதிரத் தொடங்கியது.

டுகாட்டியின் அனுபவம் இதற்கு இன்னும் விரிவான பாடம். 2007இல் கேசி ஸ்டோனரின் கையில் 10 பந்தயங்களை வென்று பட்டம் பெற்ற அந்நிறுவனம், 2009இல் கார்பன் இழையால் ஆன, மிகவும் விறைப்பான சட்டகத்துக்கு மாறியது. ஸ்டோனர் அதிலும் வென்றார். 2011இல் அவர் ஹோண்டாவுக்குச் செல்ல, அவர் இடத்துக்கு வந்தவர் வாலென்டினோ ரோஸ்ஸி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மிகப் பெரிய பெயர்களுள் ஒருவர். முன்டயர் என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்பதே அவரது தொடர்ந்த முறையீடாக இருந்தது. நிறுவனம் கார்பனைக் கைவிட்டு, 2012 பருவத்துக்கு ஜப்பானியப் பைக்குகளைப் போன்ற அலுமினியச் சட்டகத்தைக் கட்டியது. ஆனாலும் இரண்டு பருவங்களில் ரோஸ்ஸிக்கு மூன்று முறை பரிசு மேடை ஏறும் வாய்ப்பு கிடைத்ததே தவிர, வெற்றி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதே 2011இல் ஸ்டோனர் ஹோண்டாவில் ஏறிய முதல் ஆண்டிலேயே சாம்பியனானார்.

சட்டகம் மாறியும் நோய் மாறாததற்கு ஒரு காரணம் இன்ஜினின் வடிவத்தில் இருந்தது. டுகாட்டியின் நான்கு சிலிண்டர்கள் 90 பாகை கோணத்தில் பிரிந்திருக்க, முன்னிரண்டு சிலிண்டர்கள் ஏறக்குறையப் படுத்தவாறு நீண்டிருந்தன. அதனால் இன்ஜின் நீளமாகி, அதன் பாரத்தை வேண்டிய அளவு முன்னுக்கு நகர்த்த இடமில்லாமல் போனது. நோய் உணரப்பட்ட இடம் ஹேண்டில்பார், சந்தேகிக்கப்பட்ட இடம் சட்டகம், வேர் பிடித்திருந்த இடங்களுள் ஒன்று இன்ஜினின் கோணம். 2013 இறுதியில் அப்ரிலியாவிலிருந்து வந்த ஜிஜி டாலின்யா பைக்கை முழுதாக மறுவரைவு செய்து, 2015இல் புதிய வடிவைக் களமிறக்கினார். 2010க்குப் பிறகான முதல் வெற்றி 2016இல் ஆஸ்திரியாவில் வந்தது. வீரருக்கான அடுத்த சாம்பியன் பட்டத்துக்கு 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் பட்டத்தை எட்ட இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பது கவனிக்கத்தக்கது.

இன்ஜினும் காற்றும்

இன்ஜினின் உச்ச ஆற்றல் விளம்பரத்துக்கு உதவும் எண். வளைவிலிருந்து வெளியேறும் வீரருக்கு வேண்டியது, கைப்பிடியைத் திருகும் அளவுக்கு நேர் விகிதத்தில் டயருக்கு வந்து சேரும் விசை. நான்கு சிலிண்டர்களும் சீரான இடைவெளியில் வெடித்தால் டயருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. வெடிப்புகளை நெருக்கி வைத்து நடுவே இடைவெளி விட்டால், டயர் அந்த இடைவெளியில் மீண்டும் பிடித்துக்கொள்கிறது, வீரருக்கும் வழுக்கலின் தொடக்கம் தெளிவாகத் தெரிகிறது. இன்ஜினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதும் முக்கியம். சக்கரங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் அது சுற்றினால் சக்கரங்களின் பம்பர விளைவில் ஒரு பகுதி ஈடுசெய்யப்பட்டு, பைக்கைச் சாய்ப்பது எளிதாகிறது. முடுக்கும்போது முன்சக்கரம் தூக்குவதும் ஓரளவு அடங்குகிறது. ஹோண்டா 2016இல் கிராங்க்‌ஷாஃப்டின் திசையை மாற்றியது, 2017இல் வெடிப்பு வரிசையை மாற்றியது.

இந்த மாற்றங்களை நினைத்த நேரத்தில் செய்துகொள்ள விதிகள் இடம் தருவதில்லை. பின்தங்கியவர்களுக்கான சலுகை பெறாத நிறுவனம் பருவத்தின் தொடக்கத்தில் தன் இன்ஜினின் வடிவமைப்பை முத்திரையிட்டு ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் ஆண்டு முழுவதும் அதன் உள்ளே கைவைக்க முடியாது. மாசி மாதச் சோதனையில் எடுத்த தவறான முடிவு கார்த்திகை வரை கூடவே வரும். 2020இல் பெருந்தொற்றின் காரணமாகச் செலவைக் கட்டுப்படுத்த இந்த உறைநிலை 2021 வரை நீட்டிக்கப்பட்டது. மேலும், 2016 முதல் எல்லா அணிகளும் ஒரே வகை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியையும் அதனுள் ஒரே மென்பொருளையும் பயன்படுத்த வேண்டும் என்று ஆனதால், சொந்த மென்பொருளால் இயந்திரத்தின் முரட்டுத்தனத்தை அடக்கிவைத்திருந்த பெரிய நிறுவனங்கள் அந்த வசதியை இழந்தன.

இதே காலத்தில் போட்டியின் களம் காற்றுக்கு நகர்ந்தது. 2015 முதல் டுகாட்டி தன் பைக்கின் மூக்கில் சிறு இறக்கைகளைப் பொருத்தி, வேகமாகச் செல்லும்போது காற்று முன்சக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்தும்படி செய்தது. முன்சக்கரம் தூக்காதபோது அதிக ஆற்றலைத் துணிந்து பயன்படுத்தலாம். விமான இறக்கை போன்ற துருத்தல்கள் 2017இல் தடை செய்யப்பட்டதும், அதே விளைவு ஃபேரிங் என்னும் மேலுறையின் குழல் வடிவங்களுக்குள் புகுத்தப்பட்டது. அடுத்து, பின்சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, முடுக்கும் நேரத்தில் மட்டும் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கும் கருவி வந்தது. முன்பு சொன்ன வடிவியல் கணக்கில், இது பைக்கின் அளவுகளையே ஓட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்வதற்கு ஒப்பானது. இந்தப் புதுமைகள் பெரும்பாலும் டுகாட்டியிடம் தோன்றி மற்றவர்களிடம் பரவின. பின்தொடர்பவர் வடிவத்தைப் பார்த்து நகலெடுக்கலாம். அந்த வடிவம் எந்தச் சட்டகத்தோடும் எந்தப் பாரப் பகிர்வோடும் சேர்ந்து பயன் தந்தது என்ற அறிவை நகலெடுக்க முடியாது.

ஒரே வீரரைச் சுற்றிக் கட்டியது

2019இன் வெற்றிக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால், வீழ்ச்சியின் விதை அங்கேயே கிடப்பது தெரியும். மார்க்கெஸ் 420 புள்ளிகள் எடுத்த அதே ஆண்டில், ஹோண்டாவில் ஓடிய கால் கிரட்ச்லோ 133 புள்ளிகளுடன் 9ஆம் இடத்தில் இருந்தார். மார்க்கெஸின் அணித் தோழரும், முதன்மைப் பிரிவில் மூன்று முறை சாம்பியனுமான ஹோர்ஹே லொரென்ஸோ 28 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் முடித்து, அந்தப் பருவத்தோடு ஓய்வு பெற்றார். நிறுவனப் பட்டத்துக்கான கணக்கில் ஒவ்வொரு பந்தயத்திலும் அந்நிறுவனத்தின் முதல் பைக் எடுத்த புள்ளிகள் மட்டுமே சேரும் என்பதால், ஒரே ஒருவர் தொடர்ந்து வென்றாலே நிறுவனம் சாம்பியனாகிவிடும். ஹோண்டா சிறந்த பைக்கைக் கட்டியது என்று பட்டம் சொன்னது. மற்றவர்களால் ஓட்ட முடியாத பைக்கைக் கட்டியது என்று எஞ்சிய எண்கள் சொல்லின.

மார்க்கெஸ் முன்டயரின் மேல் அசாதாரண அளவு சுமையை ஏற்றி, மிகத் தாமதமாகப் பிரேக் பிடித்து, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவுக்குள் நுழைபவர். முன்டயர் வழுக்கினாலும் முழங்கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றிப் பைக்கை நிமிர்த்திவிடும் திறமை அவருக்கு இருந்தது. அவரிடமிருந்து வந்த தகவலைக் கொண்டு பொறியாளர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் பைக்கை அந்தப் பாணிக்கு மேலும் பொருத்தமாக்கி, மற்றவர்களிடமிருந்து மேலும் விலக்கியது. ஒரே அளவுகோலால் அளக்கும்போது, அந்த அளவுகோலின் பிழை அளவுகளில் தெரியாது.

2020 ஜூலை 19 அன்று ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் மார்க்கெஸ் விழுந்து வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். பல அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளாகி, அந்தப் பருவத்தின் எஞ்சிய பந்தயங்கள் அனைத்தையும் இழந்தார். அளவுகோல் கையை விட்டுப் போன அதே ஆண்டில் டயரும் மாறியது. 2016 முதல் டயர் வழங்கிவந்த மிஷ்லின், கூடுதல் பிடிமானம் கொண்ட புதிய பின்டயரை 2020இல் அறிமுகப்படுத்தியது. பின்டயர் நன்றாகப் பிடித்தால் எல்லாருக்கும் நன்மைதானே என்று தோன்றும். ஆனால் வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரம் சறுக்குவதை நம்பிக் கட்டப்பட்ட பைக்கில், பின்டயர் விடாமல் பிடித்துக்கொண்டு முன்டயரை வெளிப்புறம் தள்ளத் தொடங்கியது. முன்டயரையே நம்பியிருந்த பைக்குக்கு அது பாதகமாக முடிந்தது.

ஹோண்டா இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 2022க்கு முற்றிலும் புதிய பைக்கைக் கட்டி, பாரத்தைப் பின்டயரை நோக்கி நகர்த்தியது. பிப்ரவரியில் இந்தோனேசியாவின் மண்டாலிகா களத்தில் நடந்த சோதனையில் ஹோண்டாவின் போல் எஸ்பர்காரோ முதலிடம் பிடித்தார்; மார்ச்சில் கத்தாரில் நடந்த முதல் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்றார். நோய் தீர்ந்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. இரண்டு வாரங்கள் கழித்து அதே மண்டாலிகாவில் பந்தயம் வந்தபோது, அக்களத்தின் கடும் வெப்பத்தைத் தாங்குவதற்காக மிஷ்லின் விறைப்பான பழைய கட்டமைப்பிலான பின்டயரைக் கொண்டுவந்திருந்தது. சோதனையில் முதலிடம் தந்த பைக் இப்போது பிடிமானம் இல்லாமல் தடுமாறியது. மார்க்கெஸ் அந்த வார இறுதியில் மீண்டும் மீண்டும் விழுந்து, பந்தய நாள் காலைப் பயிற்சியில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பந்தயத்தில் கலந்துகொள்ளாமலேயே இரட்டைப் பார்வைக் கோளாறோடு ஊர் திரும்பினார். பைக்கும் வீரரும் ஒன்றாக இருக்க, மாறியவற்றுள் முக்கியமானது டயரின் உள்கட்டமைப்பு. பந்தய பைக்கின் ‘வேகம்’ என்பது அதனுடைய சொந்தப் பண்பு அன்று, குறிப்பிட்ட டயரோடு அதற்கு இருக்கும் உறவின் பண்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புதிய பைக் பின்டயரைச் சார்ந்திருந்ததால், ஹோண்டாவின் பழைய பலமாக இருந்த முன்பக்க உணர்வும் கைவிட்டுப் போனது. அந்த ஆண்டு ஜெர்மனிப் பந்தயத்தில் ஹோண்டா வீரர் ஒருவர்கூடப் புள்ளி எடுக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை.

இரைச்சலில் மறையும் தடயம்

தவறு என்று தெரிந்த பிறகு சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்ற கேள்வி இயல்பானது. இங்கேதான் அளவீட்டின் சிக்கல் குறுக்கிடுகிறது. 90 விநாடிகளில் முடியும் ஒரு சுற்றில் 0.3 விநாடி என்பது முந்நூற்றில் ஒரு பங்கு. 25 சுற்றுப் பந்தயத்தில் அது 7.5 விநாடியாகப் பெருகி, வெற்றிக்கும் ஏழாம் எட்டாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடாகிவிடும். ஆனால் புதிய ஸ்விங்ஆர்ம் ஒன்று 0.3 விநாடி தருகிறதா என்று சோதிக்கும் அந்த நேரத்திலேயே சாலையின் வெப்பம் சில பாகைகள் ஏறுகிறது, காற்று திசை மாறுகிறது, எரிபொருள் எரிந்து பைக் இலேசாகிறது, டயர் தேய்கிறது, வீரர் களைப்படைகிறார். இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகவே அந்த அளவு வேறுபாட்டை உண்டாக்க வல்லது. தேடும் தடயமும் சுற்றியுள்ள இரைச்சலும் ஒரே அளவில் இருக்கும்போது, ஒரு சோதனையின் முடிவை நம்புவதற்கு அதைப் பலமுறை திருப்பிச் செய்ய வேண்டும். சோதனை நாட்களையும் டயர்களையும் விதிகள் எண்ணித்தான் கொடுக்கின்றன.

மாறிகளின் எண்ணிக்கையும் மலைக்க வைப்பது. பத்து அமைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று தேர்வுகள் என்று எளிமையாக வைத்துக்கொண்டாலே 59,049 சேர்க்கைகள் உருவாகின்றன. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்ப்பது நடவாத காரியம். எங்கே தேடக் கூடாது என்பதை முன்னனுபவத்தால் அறிந்தவரே விரைவில் கரை சேர்கிறார்.

இந்த இடத்தில் டுகாட்டிக்கு எண்ணிக்கையின் பலம் கிடைத்தது. 2022 முதல் 2024 வரை களத்தில் எட்டு டுகாட்டி பைக்குகள் ஓடின, ஹோண்டாவுக்கு நான்கு. எட்டு வேறுபட்ட ஓட்டப் பாணிகள் ஒரே நாளில், ஒரே சாலை வெப்பத்தில் தரும் தகவலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, எது பைக்கின் குறை, எது வீரரின் பழக்கம் என்று பிரித்தறிய முடிகிறது. ஹோண்டாவில் மார்க்கெஸ் காயத்தால் வருவதும் போவதுமாக இருக்க, மற்றவர்களும் அடிக்கடி காயமுற, ஒப்பிடுவதற்கு நிலையான தரவே எஞ்சவில்லை. பந்தயங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் நடப்பதால், பொலோனியாவின் போர்கோ பானிகாலேயில் இருக்கும் டுகாட்டி தொழிற்சாலைக்குக் களத்தின் தகவல் போய்த் திருத்தப்பட்ட பாகம் திரும்பும் தொலைவு, டோக்கியோவை அடுத்த அசாகாவில் இருக்கும் ஹோண்டாவின் பந்தயப் பிரிவுக்கு இருந்த தொலைவைவிட மிகக் குறைவு. பெருந்தொற்றுக் காலப் பயணத் தடைகள் அந்தத் தொலைவை இன்னும் நீட்டின.

பதற்றமும் தன் பங்குக்குத் தீங்கு செய்கிறது. தோற்கும் நிறுவனம் விரைவான தீர்வைத் தேடி ஒரே வார இறுதியில் பல பாகங்களை மாற்றுகிறது. பல மாற்றங்கள் சேர்ந்து வந்தால் எந்த மாற்றம் என்ன செய்தது என்பது தெரியாமல் போகிறது. தெரியாததால் அடுத்த வாரம் மேலும் மாற்றுகிறது. 2023இல் ஹோண்டா தன் பழைய வழக்கத்தை மீறி ஜெர்மனியின் காலெக்ஸ் நிறுவனத்திடம் சட்டகம் செய்து வாங்கிப் பொருத்தியும் பார்த்தது. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்டின் களத்தில் அலெக்ஸ் ரின்ஸ் வென்ற ஒரு பந்தயத்தைத் தவிர, மார்க்கெஸ் உட்பட எந்த ஹோண்டா வீரருக்கும் வெற்றி வாய்க்கவில்லை.

அந்தப் பருவத்தின் முடிவில் மார்க்கெஸ் ஹோண்டாவை விட்டு, முந்தைய ஆண்டின் டுகாட்டி பைக்கை ஓட்டும் கிரெஸினி அணிக்குச் சென்றார். 2024இல் மூன்று பந்தயங்களை வென்று மூன்றாம் இடத்தில் முடித்த அவர், 2025இல் டுகாட்டியின் நேரடி அணியில் சேர்ந்து மீண்டும் உலகச் சாம்பியனானார். 2019இல் ஒரே பைக்கில் வெவ்வேறு வீரர்கள். 2023க்குப் பின் வெவ்வேறு பைக்குகளில் ஒரே வீரர். ஆய்வகத்தில் திட்டமிட்டு அமைக்க முடியாத இந்த இரு ஒப்பீடுகளும் சேர்ந்து, வீரரின் திறமை இயந்திரத்தின் குறையை எவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்தது என்பதைக் காட்டின.

சலுகையும் மீட்சியும்

பின்தங்கியவர் சோதனை செய்ய வழியில்லாததால் மேலும் பின்தங்குகிறார் என்பதை விதிமுறையாளர்களும் உணர்ந்தனர். 2024 முதல் நிறுவனங்கள் எடுத்த புள்ளிகளின் விகிதத்தைக் கொண்டு நான்கு படிகள் வகுக்கப்பட்டன. கடைசிப் படியில் வைக்கப்பட்ட ஹோண்டாவும் யமஹாவும் பருவத்தின் நடுவிலும் இன்ஜினைத் திருத்தலாம், தம் முதன்மை வீரர்களைக் கொண்டே தனியாகச் சோதனை நடத்தலாம், மேலுறையைக் கூடுதலாக ஒருமுறை மாற்றலாம்; முதல் படியில் இருந்த டுகாட்டிக்கு 170 சோதனை டயர்கள் என்றால் இவர்களுக்கு 260. இந்தச் சலுகைகள் எதுவும் நேரடியாக வேகத்தைத் தருவதில்லை. கேள்வி கேட்கவும், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டு விடையை உறுதிசெய்யவும் வாய்ப்பை மட்டுமே தருகின்றன.

வாய்ப்பு கிடைத்த முதல் ஆண்டிலேயே ஹோண்டா எழுந்துவிடவில்லை; 75 புள்ளிகள் எடுத்தது அந்த ஆண்டில்தான். அதுவரை அப்ரிலியாவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ரோமானோ அல்பேஸியானோ 2025இல் ஹோண்டாவின் தொழில்நுட்ப இயக்குநரானார். அந்த ஆண்டு மே மாதத்தில் பிரான்சின் லெ மான் களத்தில் மழையில் நடந்த பந்தயத்தை யோஹான் சார்கோ ஹோண்டாவில் வென்றார். ஆண்டின் பிற்பகுதியில் ஜோன் மிர் ஜப்பானிலும் மலேசியாவிலும் மூன்றாம் இடம் பெற்றார். பருவம் முடிந்தபோது ஹோண்டா கடைசிப் படியிலிருந்து ஒரு படி ஏறியிருந்தது. மழையின் வெற்றி தனி ஒருவரின் துணிவுக்குச் சான்றாகலாம். வெவ்வேறு வீரர்கள் உலர்ந்த களங்களிலும் முன்வரிசையை எட்டியதே பைக் திருந்தியதற்கு நம்பத்தக்க அடையாளம்.

அதே 2025இல் வென்றுகொண்டிருந்த டுகாட்டியிடமும் புதிர் ஒன்று முளைத்தது. முந்தைய ஆண்டு 11 பந்தயங்களை வென்ற பிரான்செஸ்கோ பன்யாயா, மார்க்கெஸ் சாம்பியனான அதே அணியில் இருந்துகொண்டு, முன்பக்க உணர்வு கிடைக்கவில்லை என்று பருவம் முழுவதும் போராடி ஐந்தாம் இடத்தில் முடித்தார். இடையே ஜப்பானில் எல்லாரையும் விட்டு விலகி வென்றார். அடுத்த பந்தயத்திலேயே பின்தங்கினார். காரணத்தை உறுதியாகச் சுட்டிக்காட்ட டுகாட்டியாலும் முடியவில்லை. ஒருவர் மட்டும் தொடர்ந்து வெல்ல, அவர் பக்கத்தில் இருப்பவர் தடுமாறும் காட்சி 2019இல் ஹோண்டாவில் தென்பட்டதுதான். டுகாட்டிக்கு இருந்த வேறுபாடு, ஒப்பிட்டுப் பார்க்க அப்போதும் ஆறு பைக்குகள் களத்தில் இருந்தன என்பதே.

2027இல் இன்ஜினின் கொள்ளளவு 1000 சிசியிலிருந்து 850 சிசியாகக் குறைகிறது, உயரம் தாழ்த்தும் கருவிகள் தடை செய்யப்படுகின்றன, மேலுறையின் அளவு சுருங்குகிறது, டயர் வழங்கும் பொறுப்பு மிஷ்லினிடமிருந்து பிரெல்லிக்கு மாறுகிறது. இவற்றுள் இன்ஜின் மாற்றமே செய்திகளில் பெரிதாகப் பேசப்படும்; ஆனால் இந்த அத்தியாயத்தில் கண்ட சான்றுகளின்படி, நிறுவனங்கள் சேர்த்துவைத்த அறிவை அதிகம் செல்லாததாக்கப் போவது டயர் மாற்றமே. மண்டாலிகாவில் ஒரு பின்டயரின் உள்கட்டமைப்பு மாறியதே ஒரு நிறுவனத்தின் பந்தய வார இறுதியைப் புரட்டிப்போட்டது என்றால், இரண்டு டயர்களும் ஒருசேர மாறும்போது யார் முன்னால் நிற்பார் என்பதை இன்றைய புள்ளிப்பட்டியலைக் கொண்டு கணிக்க முடியாது. புதிய டயரின் மேல் பலதரப்பட்ட வீரர்களை ஏற்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வரும் விடை தனக்குச் சாதகமாக இல்லாதபோதும் அதை நம்பும் ஒழுங்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறதோ அதுவே விரைவில் வழி கண்டுகொள்ளும். சிறந்த வீரரை வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணும் நிறுவனம், ஹோண்டாவைப் போலப் பட்டங்களை வென்றுகொண்டே வழியைத் தவறவிடும்.